காட்டின் இடாப்பு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், எழுபதுகளின் விஞ்ஞான வகுப்பு மாணவியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பவர் ஒருவர், எழுதியவர்கள் நால்வர். எங்களில் இருவர் பண்டாரவளையில் இருக்கிறோம், ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில். ஆகவே இதில் 'நான்' என்ற சொல் வராது. விழாக் குழுவினர் எங்களைக் காட்டைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நாங்கள் பேசப்போவது காட்டின் இடாப்பைப் பற்றி. இடாப்பு என்றால் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு, 'பிரசன்ட் டீச்சர்' என்று நாம் எழுந்து நின்ற அதே இடாப்புத்தான்.

எங்களுக்குத் தாவரவியல் படிப்பித்த டீச்சரைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். ஒரு சனிக்கிழமை, முறைப்படி அனுமதி எடுத்து, எங்களை அடிஷாம் பங்களா வழியாகத் தங்கமலைக் காட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். கையில் ஒரு பந்து சணல் கயிறு. காட்டுக்குள் ஒரு சதுரம் கட்டச் சொன்னார். 'இதற்குள் நிற்கிற ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கம் கொடுங்கள். பெயர் தெரிந்தால் பெயர் எழுதுங்கள். தெரியாவிட்டால் நீங்களே ஒரு பெயர் வையுங்கள். ஆனால் அடுத்த முறை வரும்போது அந்தப் பெயரைச் சொன்னால் அதே மரத்தைக் காட்ட வேண்டும்' என்றார்.

பால் டின் மூடிகளை வெட்டி, ஆணியால் இலக்கம் குத்தி, கம்பியில் கோத்துக் கட்டினோம். பெயர் எழுத வந்தபோதுதான் வெட்கம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்குச் சவுக்கு தெரியும், டர்பன்டைன் தெரியும், முள்முருங்கை தெரியும். அவையெல்லாம் தேயிலைக்கு நிழலுக்கும் விறகுக்குமாக வைத்தவை. சவுக்கு என்று நாம் சொல்லும் கிரெவிலியாவும், டர்பன்டைன் என்று சொல்லும் யூக்கலிப்டஸும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. இந்த மலையில் எங்கள் பாட்டன் பூட்டன் வருமுன்பே நின்ற மரம் ஒன்றின் பெயர்கூட எங்களுக்குத் தெரியவில்லை. எனவே 'வெள்ளை முதுகு' என்று ஒரு மரத்துக்குப் பெயர் வைத்தோம், இலையின் அடிப்பக்கம் வெளுத்திருந்ததால். 'வாசக்காரி' என்று ஒன்றுக்கு வைத்தோம், இலையைக் கசக்கினால் கறுவாப் பட்டை மணத்ததால். ஏழாம் நம்பர் மரத்தின் கிளையெல்லாம் பாசி தொங்கியது. அதற்குத் 'தாடிக்காரர்' என்று பெயர்.

இவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவைத்தவர் எங்களில் மிகவும் அழகாக எழுதும் ஒருவர். அவருடைய பெயரை இங்கே சொல்லவில்லை. அவருடைய வகுப்பார் அறிவார்கள்.

அடுத்த வருடம் அவருடைய பெயர் வகுப்பு இடாப்பில் சிவப்பு மையால் வெட்டப்பட்டது. அவருக்கு முன்னும் பின்னும் இன்னும் பலருடைய பெயர்கள் வெட்டப்பட்டன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் பெற்றோரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். இந்த எண்களில் எங்கள் வகுப்பின் பின்வரிசை இருந்தது. அப்புத்தளை ஸ்டேசனில் கோச்சி வந்து நிற்கும்போது எழுந்த அழுகையைக் கேட்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். சனங்கள் அதை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள்.

போனவர் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் குடியேறினார். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தோட்டங்களில் ஒன்று. சில வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வீட்டு விசேஷங்கள், யானைத் தொல்லை, கொழுந்து விலை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: 'நம்ம ஏழாம் நம்பர் மரம் இன்னும் நிக்குதா?'

அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் எழுதவில்லை. ஏன் எழுத முடியவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

நம்முடைய ஊவா மலைச்சரிவுகளில் இன்று தேயிலை நிற்கும் இடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் வந்தது கோப்பி. காட்டை வெட்டி, காயவைத்து, தீ வைத்து, சாம்பலில் கன்று நட்டார்கள். வெட்டியவை என்னென்ன மரங்கள் என்று எவரும் எண்ணி எழுதிவிட்டு வெட்டவில்லை. அதே காலத்தில் பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த த்வெய்ட்ஸ் என்பவர் இலங்கைத் தாவரங்களுக்கு ஒரு பட்டியல் எழுதி 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் பேனா. கோடரிதான் வேகமாகப் போனது. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் துரு விழுந்தபோது, அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பி அது என்ன நோய் என்று அறியவைத்தவரும் அதே த்வெய்ட்ஸ்தான். அந்தத் துருவில் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது.

அவருக்குப் பின் வந்த ட்ரைமன் இலங்கைத் தாவரங்களுக்கு எழுதிய பெருநூல் 1893 முதல் 1900 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. அவர் 1896இல் இறந்துவிட, மீதியை ஜோசப் ஹூக்கர் முடித்தார். அந்த நூலில் நம்மைச் சுடும் ஒரு விடயம் உண்டு. ட்ரைமன் கிடைத்த இடமெல்லாம் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே எழுதினார். பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று வடக்கு கிழக்குக் காட்டு மரங்களுக்குத் தமிழ்ப் பெயர் வரும். மலைக்காட்டு மரங்களுக்கு வந்தால் பெரும்பாலும் சிங்களப் பெயர் மட்டும். மலையில் தமிழர் இல்லாமல் இல்லை. அந்த நூல் அச்சாகிக்கொண்டிருந்தபோதுதான், 1893இல், ரயில் பாதை அப்புத்தளைக்கு வந்து சேர்ந்தது. லயங்களில் நம்மவர்கள் நிறைந்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் காட்டுக்குள் போய் ஒரு மரத்தை நிமிர்ந்து பார்க்க நேரமும் இல்லை, அவர்களிடம் கேட்டு எழுத ஆளும் இல்லை.

இனி ஒரு நல்ல செய்தி. பெரகலைச் சந்தியிலிருந்து ஹல்துமுல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி என்று இறங்கிக் கலவானைப் பக்கம் போனால் சிங்கராஜா வனம். எழுபதுகளில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக அங்கே இயந்திரம் வைத்து மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்த்ததால் அந்தப் பத்தாண்டு முடியுமுன் அது நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது. அங்குள்ள மரங்களில் 60 வீதத்துக்கு மேல் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை.

அந்த வனத்துக்குள் 1993இல் ஓர் இடாப்பு தொடங்கினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியர் அதற்கு முன்னின்றார்கள். பிள்ளைகளே, சாவித்திரி குணதிலக்க என்ற பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவே காட்டில் நின்று மரம் எண்ணிப் பேராசிரியரான பெண்.

அவர்கள் கட்டிய சதுரம் 500 மீற்றருக்கு 500 மீற்றர், அதாவது 25 ஹெக்டேயர், நம் கணக்கில் ஏறக்குறைய 62 ஏக்கர். அதை 20 மீற்றர் சதுரங்களாகப் பிரித்தால் 625 சதுரங்கள். ஒவ்வொரு மூலையிலும் அசையாத அடையாளக் கம்பம். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள மரம் என்றாலே கணக்கில் சேரும். சுண்டுவிரல் அளவு கன்றுக்கும் பெருமரத்துக்கும் ஒரே மரியாதை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கத் தகடு, தடிப்பு, நிற்கும் இடம், இனத்தின் பெயர். இப்படி எண்ணியதில் சுமார் 2 லட்சம் மரங்கள், 200க்கு மேற்பட்ட இனங்கள்.

இனத்தை எப்படி அறிவது? பூ இருந்தால் எளிது. ஆனால் காட்டு மரம் நம் வசதிக்குப் பூப்பதில்லை. இலை எதிரெதிரா, மாறி மாறியா என்று முதலில் பார்ப்பார்கள். காம்பை ஒடித்துப் பால் வருகிறதா, என்ன நிறம் என்று பார்ப்பார்கள். காட்டுச் சாதிக்காய்க் குடும்பத்து மரத்தின் பட்டையைக் கீறினால் இரத்தம் போலச் சிவந்த சாறு வரும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது நாவல், கொய்யா, கராம்பு இவற்றின் உறவாக இருக்கலாம். கசக்கினால் மணப்பது கறுவாவின் உறவாக இருக்கலாம். எங்கள் 'வாசக்காரி'யின் குடும்பத்தை இப்போது ஊகிக்க முடிகிறது. சந்தேகமானால் கொப்பை எடுத்து, அழுத்தி, உலர்த்தி, பேராதனை உலர்தாவரச் சாலையில் உள்ள பழைய மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். அப்போதும் பெயர் தெரியாவிட்டால்? தற்காலிகமாக ஒரு பெயர் வைப்பார்கள்! எங்கள் டீச்சர் சொன்னது விளையாட்டல்ல, உலகெங்கும் ஆய்வாளர் செய்வதும் அதுதான் என்று தெரிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இத்தோடு வேலை முடிவதில்லை, இங்கேதான் தொடங்குகிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை மீண்டும் போய், அதே மரத்தை அதே இடத்தில் அளப்பார்கள். எது வளர்ந்தது, எது செத்தது, எது புதிதாகத் தலைகாட்டியது என்று எழுதுவார்கள். ஒருமுறை எழுதினால் அது பட்டியல். திரும்பத் திரும்பக் கூப்பிட்டால்தான் அது இடாப்பு.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. மழைக்காட்டில் சில இனங்கள் நிறைய நிற்கும். மிகப் பல இனங்கள் அங்கொன்று இங்கொன்றாக நிற்கும். அமேசன் காட்டில் ஏறக்குறைய 16,000 மர இனங்கள் இருக்கலாம் என்று 2013இல் கணக்கிட்டார்கள். அவற்றில் வெறும் 227 இனங்களே அங்குள்ள மரங்களில் பாதி. மீதிப் பாதியை மற்ற எல்லா இனங்களும் பகிர்ந்துகொள்கின்றன. அப்படியானால் காட்டின் ஒரு மூலையை வெட்டும்போது, தொகையில் சிறிய இழப்பாகத் தெரிவது, ஏதோ ஓர் இனத்துக்கு முழு இழப்பாக இருக்கலாம். உலகில் சுமார் 73,000 மர இனங்கள் உண்டு, அவற்றில் சுமார் 9,000 இனங்களுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை என்று 2022இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம். குருடியா சிலானிக்கா என்ற மரம் அற்றுப்போனதாக 2012இல் நம் தேசியச் சிவப்புப் பட்டியல் எழுதியது. 2019இல் கம்பஹாப் பக்கம் தெருவோரத்தில் ஒன்று நிற்பது தெரியவந்தது. 2021இல் அதிவேகப் பாதைக்காக அதை வெட்ட ஆயத்தமானார்கள். மக்கள் திரண்டு தடுத்தார்கள். அந்த மரம் காப்பாற்றப்பட்டது அது அழகாக இருந்ததால் அல்ல. அதன் பெயர் ஒரு பட்டியலில் இருந்ததாலும், அந்தப் பெயரை ஒருவர் அடையாளம் கண்டதாலும்தான். பெயர் இல்லாத மரம் என்றால் அது வெறும் விறகு.

பெயர் இடாப்பில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சகோதரிகளே. பிரசாவுரிமைப் பதிவு இல்லாத பெற்றோருக்கு வாக்கு இல்லை, காணி இல்லை, அரசாங்க வேலை இல்லை. 2003இன் சட்டம் வரும்வரை அந்தக் கதை முழுதாக முடியவில்லை. அதனால்தான் ஒரு மரத்துக்கு இலக்கம் கட்டுவதை நாங்கள் வெறும் பாடமாகப் பார்க்கவில்லை.

கூடலூருக்கு வருவோம். எங்கள் தோழி குடியேறிய இடத்துக்குப் பக்கத்திலேயே முதுமலைக் காடு. அங்கேயும் 1988இல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் சுகுமார் குழுவினர் 50 ஹெக்டேயர் சதுரம் ஒன்றில் மரங்களுக்கு இலக்கம் கட்டினார்கள். அது மழைக்காடல்ல, தீயும் யானையும் நடமாடும் வறண்ட காடு. சிங்கராஜாவைப் போல இரு மடங்கு பரப்பு, ஆனால் மரங்கள் சுமார் 25,000தான், இனங்கள் எழுபது சொச்சம். இந்த வித்தியாசத்தை ஊகமாக அல்லாமல் எண்ணாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், இரண்டு இடத்திலும் ஒரே முறையில் எண்ணியதுதான். 1980இல் பனாமா நாட்டின் ஒரு தீவில் தொடங்கிய முறை அது. இன்று முதுமலையும் சிங்கராஜாவும் ஒரே உலக வலையமைப்பில் இருக்கின்றன. எங்களையும் எங்கள் தோழியையும் கடல் பிரித்தது. அவர் வீட்டுப் பக்கத்து மரங்களும் நம் நாட்டு மரங்களும் மட்டும் ஒரே இடாப்பில் இருக்கின்றன என்று பேசிக்கொண்டோம்.

இனி ஏழாம் நம்பர் மரம். நூற்றாண்டு விழாவுக்கு வந்த சாட்டில், நாங்கள் நால்வரும் மீண்டும் அடிஷாம் வழியே தங்கமலைக்குப் போனோம். முழங்கால் வலியோடு இரண்டு நாள் தேடினோம். பாசி தொங்கும் மரங்கள் நிறைய நின்றன. டின் மூடி ஒன்றும் கிடைக்கவில்லை. தகடு துருப்பிடித்து விழுந்திருக்கும், கம்பியை மரம் விழுங்கியிருக்கலாம், மரமே விழுந்திருக்கலாம். ஒன்றையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம் எங்கள் பிழை. ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் எழுதினோம். சதுரம் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. பாதையிலிருந்து எத்தனை அடி, எந்தப் பாறையிலிருந்து எந்தத் திசை என்ற ஒரு வரி இல்லை. மூலைக்கு ஒரு கல் நடவில்லை. 'நாங்கள்தானே மறுபடி வரப்போகிறோம், நினைவிருக்கும்' என்று நம்பினோம். எழுதிய கையே கடல் தாண்டிப் போய்விடும் என்று பள்ளிப் பிள்ளைகள் நினைப்பார்களா?

இந்த முறை கூடலூருக்குப் பதில் எழுதினோம். 'தெரியவில்லை. தேடினோம். மூலைக்கல் வைக்காமல் விட்டோம். இனி வைக்கப்போகிறோம்' என்று எழுதினோம்.

அதுதான் இன்று உங்கள் முன் வைக்கும் வேண்டுகோள். தங்கமலை சரணாலயம், அங்கே நாம் நினைத்தபடி எதுவும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் நம் கல்லூரி விளையாட்டு மைதானத்துக்குக் கீழே, ஓடைக்கரையில், யாரும் தொடாத ஒரு துண்டுக் காடு இன்னும் இருக்கிறது. அதிபர் அவர்கள் இணங்கியிருக்கிறார். அங்கே 20 மீற்றர் சதுரம் ஒன்று கட்டுவோம். நாலு மூலைக்கும் கொங்கிறீட் கல். அதன் வரைபடம் ஒன்று அலுவலகத்தில், ஒன்று நூலகத்தில், ஒன்று சங்கத்தின் கையில். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தரம் பத்துப் பிள்ளைகள் எண்ண வேண்டும். செத்த மரத்தின் பெயரை வெட்ட வேண்டாம். பக்கத்தில் வருடத்தை எழுதினால் போதும். அறிவியற் பெயர், சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர் மூன்றுக்கும் மூன்று நிரல் இருக்கட்டும். தமிழ் நிரல் முதலில் வெறுமையாகத்தான் இருக்கும்.

அதை நிரப்புவது உங்கள் பங்கு. எங்கே இருந்தாலும், கூடலூரிலோ கோத்தகிரியிலோ, லண்டனிலோ டொரண்டோவிலோ, உங்கள் அம்மா, அம்மாயி, தாத்தா வாயில் கேட்ட மலைக்காட்டு மரத்தின் பெயர் ஒன்று நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், இலை எப்படி, எதற்குப் பயன்படுத்தினார்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள். சரியா பிழையா என்று யோசிக்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பேராதனையில் படித்த நம் தங்கைமார் இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு சொல். புதிய சதுரத்தில் ஏழாம் இலக்கம் எந்த மரத்துக்கு விழுமோ தெரியாது. எந்த மரமானாலும் அது எங்கே நிற்கிறது என்று முதலில் எழுதுங்கள். யாராவது எங்கிருந்தாவது, என்றாவது ஒரு நாள், 'அது இன்னும் நிக்குதா?' என்று கேட்டு எழுதுவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லக்கூடியவர்களாக நீங்கள் இருக்க வேண்டும்.